முளைக்க மறுக்கும் பொப்பி: கடிதமும் பதிலும்

அன்பின் ஐயாவுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டம் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் கோப்பாயில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஸ்கொட்லாந்தில் இருக்கும் என் பெறாமகள் சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது மூன்று விதைப் பைக்கற்றுகள் கொண்டுவந்து தந்தாள். ஒன்று இமயமலை நீலப் பொப்பி, மற்றொன்று வயல்களில் பூக்கும் செம்பொப்பி, மூன்றாவது கலிபோர்னியாப் பொப்பி. சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு ஒவ்வொன்றிலும் பாதியை எடுத்துப் பூச்சாடிகளில் விதைத்து, மாட்டெரு கலந்த செம்மண்ணால் ஒரு விரலளவு மூடி, காலையும் மாலையும் கிணற்று நீர் ஊற்றி வந்தேன். ஒரு முளைகூடக் காணவில்லை. கத்தரியும் மிளகாயும் என் கையில் ஒருநாளும் பொய்த்ததில்லை. விதை பழுதா, அல்லது என் கைராசிதான் போய்விட்டதா? வெந்நீரில் ஊறவைத்துப் போடும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்படி பெறாமகள் சொல்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? கடையில் விற்கும் கசகசாவும் பொப்பி விதைதானே, அதை விதைத்தால் இலகுவாக வந்துவிடாதா? மீதி விதை அலுமாரியில் அப்படியே இருக்கிறது.

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி

அன்பின் அம்மாவுக்கு,

உங்கள் விதை பழுதென்று சொல்வதற்கு இதுவரை ஓர் ஆதாரமும் இல்லை. கைராசியை இதற்குள் இழுக்கவே வேண்டாம். சித்திரை வெயிலில், விரலளவு மண்ணுக்கு அடியில், கிணற்று நீரில் பொப்பி முளைத்திருந்தால்தான் அது செய்தி. கத்தரியும் மிளகாயும் வெப்பநாட்டுப் பயிர்கள். மண் சூடேறியிருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். பொப்பிக்கோ சூடு என்பது ‘இன்னும் காலம் வரவில்லை, கிட’ என்ற கட்டளை. அந்தக் கட்டளையை மீறாமல் உங்கள் விதைகள் கிடந்திருக்கின்றன.

மீதியிருக்கும் விதையில் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றால் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் அளவேயான, ஒருபக்கம் வளைந்த சிறுமணி. அதன் மேல் முழுவதும் குழிகள் நிறைந்த வலைப்பின்னல். தோல் மெல்லியது, நீர் தடையின்றி உள்ளே போகும். கொன்றையின் விதைக்கு வெந்நீர் உதவுவது அதன் தோல் நீர் புகாத கடினமானதாக இருப்பதால். பொப்பியில் அந்தத் தடையே இல்லாதபோது வெந்நீர் செய்யக்கூடியது உள்ளிருக்கும் முளையை அவித்துவிடுவது மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரரின் ஆலோசனையை வேறு விதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொப்பியின் தடை உள்ளே இருக்கிறது. காயிலிருந்து விதை உதிரும்போது அதன் கரு இன்னும் முழுமையாக வளர்ந்திராது; ஈரமும் ஏற்ற வெப்பநிலையும் கிடைக்கும்போது விதைக்குள்ளேயே அது சிறிது நீண்டு வளர்ந்த பிறகுதான் வேர்முனை வெளியே வரமுடியும். இதற்கு மேலாக, உரிய பருவம் கடந்துபோகும்வரை முளைப்பைத் தடுத்து வைக்கும் உடலியல் பூட்டு ஒன்றும் பல இனங்களில் உண்டு. குளிர்நாட்டில் கோடை முடியும் தறுவாயில் உதிரும் விதை உடனே முளைத்தால், அடுத்து வரும் பனி அந்த இளம் நாற்றைக் கொன்றுவிடும். ஆகவே நனைந்த மண்ணில் குளிர்காலம் ஒன்றைக் கடந்தபின் முளைக்கும் விதைகளே அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தன. இந்தக் குளிர்காலம் யாழ்ப்பாணத்தில் இல்லை. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் விடியற்புறத்திலும் நமக்கு 22, 23 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. பெரும்பாலான பொப்பிகள் முளைக்க விரும்புவது 15 முதல் 20 பாகை வரை. எனவே உங்கள் பெறாமகள் சொன்னதே சரி.

அடுத்தது வெளிச்சம். செம்பொப்பியின் விதை மண்ணுக்குள் புதைந்துவிட்டால் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உழவோ தோண்டலோ அதை மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டும்போதுதான் எழும்பும். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில், எறிகணைகள் புரட்டிப்போட்ட, பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் மண்ணில் அது செக்கச்செவேலெனப் பூத்ததற்கு இதுவே காரணம். போரில் மாண்டவர்களின் நினைவாக நவம்பர் 11 அன்று நெஞ்சில் குத்தும் பொப்பி மலர் அந்த வழியில் வந்தது. (அந்நாளில் இலங்கையில் பொப்பிக்குப் பதிலாகப் பூவரசம் பூவை விற்கவேண்டுமென்று 1930களில் சூரியமல் இயக்கம் கிளம்பியது தனிக்கதை.) நீங்கள் விரலளவு மண்ணால் மூடியது கத்தரிக்குப் பழகிய கை செய்த வேலை. பொப்பியை மூடவே கூடாது.

இந்தக் குடும்பம் நமக்கு முற்றிலும் அந்நியமானது என்றும் எண்ணவேண்டாம். தரிசு நிலத்திலும் வீதியோரத்திலும் முள்ளிலையும் மஞ்சட் பூவுமாக நிற்கும், தண்டை ஒடித்தால் மஞ்சட் பால் வடிக்கும் பிரமதண்டு, மெக்சிக்கோவிலிருந்து வந்து பரவிய பொப்பிக் குடும்பத்துச் செடிதான். அதன் விதையும் உதிர்ந்தவுடன் முளைப்பதில்லை. கிடந்து காலம் பார்த்தே எழும்புகிறது. அழகுக்காக அதை வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கடுகைப் போலவே தோன்றும் அதன் விதை நச்சுத்தன்மை உடையது. 1998இல் டில்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்ததால் பலர் உடல் வீங்கி நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் அந்த விதையைச் சேர்த்து வைக்கவேண்டாம்.

இனிக் குளிரூட்டும் முறை. ஆற்றுமணலை நன்றாகக் கழுவிச் சலித்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் உப்பும் சிப்பித்தூளும் கொண்டது, ஆகாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது, அதுதான் ஈரப்பதம். விதை ஒரு பங்குக்கு மணல் இருபது பங்கு வரை கலந்து, சிறு கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூடியை இறுக்கி, பெயரும் திகதியும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் வையுங்கள். ஏறக்குறைய 4 பாகை வேண்டும். பனிக்கட்டி உறையும் மேற்பகுதியில் வைத்தால் நனைந்த விதைக்குள் பனி உறைந்து கரு சிதையும். உலர்ந்த பைக்கற்றை அப்படியே குளிரில் வைப்பது விதையைப் பாதுகாக்குமே தவிர, உறக்கத்தைக் கலைக்காது; ஈரமும் குளிரும் சேர்ந்திருந்தால்தான் விதை அதைக் குளிர்காலமாக எடுத்துக்கொள்ளும். செம்பொப்பிக்கு நான்கு வாரமும் கலிபோர்னியாப் பொப்பிக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ போதும். வாரத்துக்கொருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணலுக்குள் வெள்ளை நூல்முனை தெரிந்தால் உடனே விதைத்துவிடவேண்டும். மின்வெட்டு ஓரிரு மணி நேரம் வந்தால் பதறவேண்டியதில்லை, கதவைத் திறக்காமல் இருந்தால் சரி. குளிர் கண்ட விதை, காணாத விதையைக் காட்டிலும் சற்றுக் கூடிய வெப்பத்திலும் முளைக்கும். நம் காலநிலையில் இந்தச் சலுகைதான் பெரிய உதவி.

விதைப்பதற்குச் சாடி மண்சாடியாகவே இருக்கட்டும். கறுப்புப் பொலித்தீன் பையில் வேர் வெந்துவிடும். மாட்டெரு வேண்டாம். கழுவி உப்பு நீக்கிய தும்புத்தூளும் மணலும் சரிபாதி கலந்தால் போதும். ஈரமணலோடு கலந்த விதையை அப்படியே மேற்பரப்பில் மெல்லியதாகத் தூவி, உள்ளங்கையால் இலேசாக அழுத்திவிடுங்கள். எறும்பு இழுத்துப் போகாமலிருக்கப் பழைய நுளம்பு வலைத் துண்டால் மூடலாம். நீரை மேலிருந்து ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிக் குவிந்துவிடும், ஆகவே தட்டில் நீர் விட்டு அதில் சாடியை வைத்து, மேற்பரப்பு கறுத்து நனைந்ததும் எடுத்துவிடுங்கள்.

அந்த நீர் எது என்பதும் முக்கியம். உங்கள் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். அடியிலும் சுவரிலும் படிந்திருக்கும் வெள்ளைப் படை நம் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து வந்தது. செம்பொப்பியும் கலிபோர்னியாப் பொப்பியும் சுண்ணாம்பை ஓரளவு பொறுக்கும், ஆனால் சிறு சாடியில் நாள்தோறும் கிணற்று நீர் ஊற்றினால் படை சேர்ந்து மேற்பரப்பு இறுகும். உவர் ஏறிய கிணறாக இருந்தால் கதை அத்துடன் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைப் பீலியில் விழும் நீரைப் பரல் ஒன்றில் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் தை மாதம் வரை இந்தச் சாடிகளுக்குப் போதும்.

முளைத்த பிறகு வருவதுதான் உண்மையான சோதனை. நாற்று நூலளவே இருக்கும். மாலையில் நிமிர்ந்து நின்றது, மறுநாள் காலையில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு கசங்கி நீர்கோத்துச் சரிந்து கிடக்கும். பக்கத்தில் நின்றவையும் வட்டமாகப் படுத்துவிடும். மண்ணில் வாழும் பூஞ்சண வகைகளின் வேலை இது. நெருக்கமாக விதைப்பதும், ஈரம் கட்டி நிற்பதும், காற்றோட்டம் இல்லாமையும், பச்சை எருவும் அதற்கு வழி திறந்துவிடுகின்றன. மாரிமழை நேரடியாக விழாத, ஆனால் வாடைக்காற்றும் காலை வெயிலும் படும் தாழ்வாரத்து விளிம்பு ஏற்ற இடம். பொப்பியின் ஆணிவேர் இடமாற்றத்தைப் பொறுக்காது. பிடுங்கி நடும் எண்ணத்தை விட்டு, பூக்கவேண்டிய சாடியிலேயே விதைத்து, நெருக்கமானவற்றைக் கத்தரிக்கோலால் அடியில் வெட்டிக் கலைத்துவிடுங்கள். வேரோடு இழுத்தால் பக்கத்து நாற்றும் சேர்ந்து வரும்.

நீலப் பொப்பி பற்றி நீங்கள் கேட்க விரும்பாத பதிலையே சொல்லவேண்டியிருக்கிறது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பெய்லி என்ற ஆங்கிலேய அதிகாரி 1913இல் திபெத்தில் கண்ட இனமாக இருக்கும். தாவரங்களைத் தேடிச் சேகரித்த கிங்டன் வார்ட் 1924இல் அங்கு சென்று சேகரித்த விதையால்தான் அது பிரித்தானியத் தோட்டங்களில் பரவியது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு நீலப் பொப்பி பூட்டானின் தேசிய மலர். மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளின் குளிர்ந்த, ஈரமான, புளிப்பான மண்ணுக்குரிய செடி அது. ஸ்கொட்லாந்தில் செழிப்பது அங்கே கோடையே குளிராக இருப்பதால். இங்கிலாந்தின் வறண்ட கிழக்குப் பகுதியிலேயே பலர் அதை வைத்துப் பெரும்பாடு படுகிறார்கள். விதையும் சீக்கிரம் உயிர்ப்பை இழப்பது, அலுமாரிச் சூட்டில் ஓராண்டு கிடந்ததில் என்ன மிஞ்சியிருக்குமோ. குளிரூட்டினால் சில முளைக்கக்கூடும். மயிர் படர்ந்த சிற்றிலைகளைக் கண்ணால் காணும் ஆசைக்காகச் செய்து பார்ப்பதில் தவறில்லை. மாசி பிறந்து வெயில் ஏறினால் அது நிற்காது. பூவை எதிர்பார்த்து உழைக்கவேண்டாம்.

கடினமான பொப்பி ஒன்றை முளைக்க வைத்தே தீருவேன் என்ற பிடிவாதம் உங்களுக்கு இருந்தால், நீலத்தைவிட எனக்கு நியாயமாகத் தோன்றுவது கலிபோர்னியாவின் மத்திலியா மரப்பொப்பி. கையகல வெள்ளைப் பூவும் நடுவில் மஞ்சள் உருண்டையும் கொண்டது, வெயிலுக்கு அஞ்சாதது. காட்டுத்தீக்குப் பின் முளைத்துப் பழகிய இனமாகையால் அதன் விதைக்குப் புகை வேண்டும். விதைத்த சாடியின் மேல் காய்ந்த சருகைக் கொளுத்தி, சாம்பலோடு நீர் விடுவது தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். புகையில் இருக்கும் எந்தச் சேர்மம் விதையை எழுப்புகிறது என்பது 2004இல்தான் அறியப்பட்டது. ஆனால் வேரில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும் செடி அது, நம் கார்த்திகை மழையில் அதைக் காப்பாற்றக் கூரை வேண்டும்.

கசகசா விடயத்தில் தயவுசெய்து பரிசோதனை செய்யவேண்டாம். கறிக்கு அரைக்கும் கசகசா அபின் பொப்பியின் விதை. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இலங்கையில் அதை அனுமதியின்றிப் பயிரிடுவதைத் தடைசெய்கிறது. அழகுக்கு ஒரு சாடி என்ற சமாதானம் அங்கே எடுபடாது. சர்பத்திலும் பலூடாவிலும் ஊறிப் பருப்பது துளசி இனத்து விதை, அது பொப்பியே இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதற்கு 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன் அனுமதியும் அந்நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் தேவை. கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் இதைக் கவனிக்கிறது. பயணப் பையில் வரும் சிறு பைக்கற்றுத்தானே என்று நம்மவர்கள் எல்லோரும் செய்கிறார்கள். விதையோடு வரும் நோய் நமது வெங்காயத்தையும் புகையிலையையும் பிடித்தால் இழப்பு அந்தப் பையோடு நிற்காது. பெறாமகளுக்கு அடுத்தமுறை இதை எழுதிவிடுங்கள்.

இப்போதைக்கு மீதி விதையை அலுமாரியிலிருந்து எடுத்து, பைக்கற்றுகளோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் காற்றுப் புகாத போத்தலில் இட்டுக் குளிரில் வையுங்கள். ஒக்டோபர் கடைசி வாரத்தில் செம்பொப்பியை ஈரமணலில் கலந்து மரக்கறித் தட்டுக்கு மாற்றலாம். கலிபோர்னியாவை நவம்பர் நடுவில் மாற்றினால் இரண்டையும் நவம்பர் முடிவில் ஒன்றாக விதைக்கலாம். பத்து நாள் தொடங்கி மூன்று வாரம் வரை முளைத்துக்கொண்டிருக்கும், இடையில் சாடியைக் கிளறவேண்டாம். குளிர்நாட்டுக் கோடையின் பதினாறு மணிநேரப் பகல் நம்மிடம் இல்லாததால் செடி குட்டையாகவும் பூ குறைவாகவும் இருக்கலாம். மாசியிலும் பங்குனித் தொடக்கத்திலும் பூத்தால் ஒவ்வொரு பூவும் ஓரிரு நாளில் இதழ் உதிர்க்கும். செம்பொப்பியின் காயைச் செடியிலேயே காயவிட்டு, உச்சி மூடியைச் சுற்றிச் சிறு துளைகள் திறந்ததும் கடதாசிப் பைக்குள் கவிழ்த்துத் தட்டுங்கள். நம் வெயிலில் விளைந்த அந்த விதையை அடுத்த மாரிக்கு விதைத்தால், பைக்கற்று விதையைவிட இலகுவாக முளைக்கிறதா என்று எனக்கும் எழுதுங்கள்.