கடலுக்குள் தலையை விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் கடல் வாசம்தான் அதிகம். சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 42 வயது. வீட்டுப் படியிறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் கடல், ஆனால் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை, நீந்தவும் தெரியாது. ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஹிக்கடுவைக்குப் போய் முருகைக்கல் பார்க்க ஆசை. "நீ கத்திற கத்தில ஊரே கூடும்" என்று இவர் சிரிக்கிறார். ஸ்நோர்கலிங், ஸ்கூபா இரண்டில் எது எனக்குச் சரிவரும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவர் சிரிக்கட்டும் அக்கா, நீங்கள் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஓகஸ்டில் ஹிக்கடுவை வேண்டாம். சோளகம் வீசுகிற மே முதல் செப்டம்பர் வரை மேற்கும் தெற்கும் கலங்கிக் கிடக்கும், அலையும் பெரிது, காசு கொடுத்து இறங்கி மண் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அந்த மாதங்களில் கிழக்குக் கரைதான் அமைதியாக இருக்கும். ஆகவே நிலாவெளிக்குப் போங்கள், அங்கிருந்து படகில் கொஞ்ச நேரம் போனால் புறாமலைத் தீவு. அது தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். ஹிக்கடுவையை நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையான காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆமை பார்க்க அதுதான் இடம்.

உங்களுக்கு ஸ்நோர்கலிங்தான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வழிகாட்டி ஒருவர் பக்கத்தில் இருக்க, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்து, மேலே நீட்டியிருக்கிற குழாயால் மூச்சு விட்டபடி குப்புற மிதக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அதை முதன்முதலில் கடலில் செய்து பார்க்காதீர்கள். கொழும்பிலேயே ஏதாவது ஒரு நீச்சல் தடாகத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கைப் போட்டு, குழாயை வாயில் கவ்வி, முகத்தை உள்ளே விடுங்கள். மூக்கு அடைபட்ட உடனே உடம்பு "மூச்சு இல்லை" என்று பதறும், கை தானாக மாஸ்க்கைப் பிடுங்கப் போகும். வாயால் மெதுவாக ஊதி, மெதுவாக இழுத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் சுகம். இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், யார் கத்துகிறார் என்று பார்க்கலாம்.

ஸ்கூபா என்பது முதுகில் காற்றுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவது. அதில் 'ஒருமுறை இறங்கிப் பாருங்கள்' என்று பயிற்றுநரோடு 12 மீற்றர் வரை கூட்டிப்போகும் அறிமுக டைவ் உண்டு, அதற்கு நீச்சல் பரீட்சை கேட்பதில்லை. சான்றிதழ் எடுக்கப் போனால் 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும். நீந்தத் தெரியாதவர் அறிமுக டைவுக்கும் இறங்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. டைவிங் கடைக்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

ஒன்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், முருகைக்கல்லில் ஏறி நிற்கக்கூடாது. அது உயிருள்ளது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையில் வெளிறிச் செத்தது கொஞ்சநஞ்சமல்ல. தப்பியதையாவது நம் கால் உடைக்காமல் இருக்கட்டும்.

கேள்வி: மகன் அறிமுக டைவுக்குப் போனான். நாலைந்து மீற்றர் இறங்கியதும் காது வெடிக்கிற மாதிரி வலித்ததாம், ஏறி வந்துவிட்டான். காதில் ஏதும் பிழையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அநேகமாகக் காதில் பிழை இருக்காது. கடல் மட்டத்தில் இருக்கிற அழுத்தம் 10 மீற்றரில் இரண்டு மடங்காகிறது. நடுக்காதுக்குள் இருக்கிற காற்று சுருங்க, செவிப்பறை உள்ளே இழுபடுகிறது, அதுதான் வலி. மூக்கைப் பிடித்து, வாயை மூடி மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற குழாய் திறந்து காற்று உள்ளே போகும், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். புதியவர்கள் வலி வந்த பிறகுதான் இதைச் செய்யப் பார்க்கிறார்கள், அதற்குள் அந்தக் குழாய் அழுந்திப் பூட்டிக்கொண்டுவிடும். தண்ணீர் தலைக்கு மேலே போகும்போதே தொடங்கி, இறங்க இறங்கச் செய்துகொண்டே போக வேண்டும். வலித்தால் பலமாக ஊதக்கூடாது, ஒரு மீற்றர் மேலே ஏறி மறுபடி செய்ய வேண்டும். வலித்ததும் உங்கள் மகன் ஏறி வந்தது சரியான வேலை. தடிமன் இருந்த நாளில் இறங்கினானா என்று ஒருக்கால் கேளுங்கள். வலி இன்னும் இருந்தாலோ கேட்பது மந்தமாக இருந்தாலோ காது வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றனவாமே, போய்ப் பார்க்கலாமா? நான் 18 மீற்றர் சான்றிதழ் வைத்திருக்கிறேன்.
– வாசகர், தெஹிவளை

பதில்: கிடக்கின்றன. முருகைக்கல்லுக்கு ஹிக்கடுவை, புறாமலை என்று ஓடுகிறோம், கப்பலுக்கு எங்கும் ஓடத் தேவையில்லை, கல்கிசையிலிருந்து படகு போகிறது. முதலாம் உலகப் போரில் 'வூல்ஃப்' என்ற ஜெர்மன் கப்பல் சாதாரண வணிகக் கப்பல் வேடத்தில் வந்து, 1917 பெப்ரவரியில் ஓர் இரவு கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டு நழுவியது. சில நாள் இடைவெளியில் 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்று இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் அதில் அகப்பட்டு மூழ்கின. நூறு வருடத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கின்றன. எங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? காலிமுகத்திடலில் நின்று இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டு அதே கடலைத்தான் பார்க்கிறோம்.

ஆனால் வூஸ்டர்ஷயர் 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீற்றர், ஆகவே அது தனிப் பயிற்சி பெற்றவர்களின் இடம். பின்னர் மூழ்கிய 'மெதுஃபாரு' என்ற சரக்குக் கப்பல் 30 மீற்றர் அளவில் கிடக்கிறது, கொழும்பு டைவர்கள் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான். அதற்கும் உங்கள் 18 மீற்றர் அட்டை காணாது, அடுத்த படியை எடுத்துவிட்டு வாருங்கள். எடுத்த பிறகும் கப்பலுக்குள் நுழைய வேண்டாம், வெளியே சுற்றிப் பாருங்கள். உள்ளே கால் அடிக்கிற அடியில் சேறு கிளம்பினால் வந்த வழி தெரியாது. மீன்வலைகளும் சிக்கியிருக்கும். மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதுவும் 50 மீற்றருக்குக் கீழேதான், இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கேள்வி: சனி, ஞாயிறு திருகோணமலையில் டைவ் பண்ணிவிட்டு அப்படியே இரவோடிரவாக நுவரெலியா போகத் திட்டம். வான் பேசிவிட்டோம்.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வானை ஒரு நாள் தள்ளிப் பேசுங்கள். ஆழத்தில் மூச்சு விடும்போது உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழியாகிவிடும், மூட்டு வலியில் தொடங்கி வாதம் வரை கொண்டுபோகக்கூடியது. பல டைவ் செய்தவர் விமானம் ஏற ஆகக் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்பார்கள். விமானத்துக்குச் சொன்ன விதி மலைக்கும் பொருந்தும், நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே. மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்கினால் இந்தத் தலையிடியே இல்லை.

கேள்வி: புறாமலையில் சுறா இருக்கிறதாமே?
– மாணவன், மட்டக்குளி

பதில்: இருக்கிறது தம்பி, செட்டையின் நுனி கறுத்த சின்னச் சுறா, நீ கிட்டப் போக அது தூரப் போகும். நான் பயப்படுவது மணலில் முட்டையிட்டுக் காவல் இருக்கிற பெரிய கிளாத்தி மீனுக்குத்தான், துரத்திக் கடிக்கும். கூட்டுக்கு மேலே உள்ள தண்ணீர் முழுக்கத் தன்னுடையது என்று அதற்கு நினைப்பு, ஆகவே மேலே போகாமல் பக்கவாட்டில் விலகிப் போ.

கேள்வி: மீசையால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது. வழிக்க மனமில்லை.
– வாசகர், வத்தளை

பதில்: முழுக்க வழிக்கத் தேவையில்லை. மூக்குக்குக் கீழே, மாஸ்க்கின் விளிம்பு படுகிற இடத்தில் மட்டும் மெல்லிய கோடாகக் கத்தரித்து, அதில் சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் தடவுங்கள். மிச்சத் தண்ணீருக்கு, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, மேலே பார்த்து மூக்கால் ஊதினால் கீழ்வழியாகப் போய்விடும்.