வயசுக்குப் பூக்கும் செடி: மாடிப் பையில் செடி அவரை

கேள்வி: கண்டனூரில் இருக்கோம். சித்திரை கடைசியில் குழித்தட்டில் செடி அவரை விதை போட்டு, இருபதாம் நாள் சின்னக் கறுப்புப் பைகளில் நட்டு மொட்டை மாடியில் வச்சேன். முக்கால் அடிகூட வளரலை, அதுக்குள்ள பூத்திருச்சு. பூவும் கொட்டிப்போச்சு. நுனியைக் கிள்ளினா கிளை வெடிக்கும்னு கிள்ளினேன், அதுவும் நடக்கலை. பின்கட்டுல நிக்கிற பந்தல் அவரை மட்டும் வருஷா வருஷம் தை மாசம் காய்ச்சுத் தள்ளுது. ஜெர்மனியில் இருக்கிற பேரன்கிட்டச் சொன்னா, "இங்கே தானாப் பூக்குற கஞ்சாச் செடியைத் தொட்டியில வளர்க்குறாங்க ஆயா, அதுக்கும் இதே கதைதான். விதை அனுப்பவா?"ன்னு சிரிக்கிறான். நான் என்ன தப்புப் பண்ணினேன்?

பதில்:

ஆச்சிக்கு வணக்கம். முதலில் பேரன் பேச்சை முடித்துவிடுவோம். அவர் சொன்னது அங்கே நிஜம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், வயது வந்தவர் தன் வீட்டில் மூன்று செடி வரை வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு செடிகூடக் கூடாது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்ப்பதே குற்றம். பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அழகுக்குத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தபாலில் விதை வந்தாலே தொல்லை. ஆகவே வேண்டாம் என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் விளையாட்டாகச் சொன்னாலும் பையன் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். சாதாரணக் கஞ்சாச் செடி பகல் குறுகினால்தான் பூக்கும். கோடை சீக்கிரம் முடிந்துவிடும் ரஷ்யப் பக்கத்துக் குளிர் நாட்டில் வளர்ந்த ஒரு குட்டை இனம் மட்டும் பகலைப் பார்ப்பதில்லை. வயசு வந்தால் பூத்துவிடும். தானாகப் பூக்கும் ரகங்களை அதோடு இனக்கலப்பு செய்துதான் உண்டாக்கினார்கள். இதே பிரிவினை உங்கள் வீட்டு அவரையிலேயே இருக்கிறது. பின்கட்டில் நிற்பது ஒரு சாதி, மாடியில் வைத்தது இன்னொரு சாதி.

பந்தல் அவரையை ஆடியில் போட்டாலும் சரி, வைகாசியில் போட்டாலும் சரி, அது பாட்டுக்குக் கொடி ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரவு நீண்ட பிறகுதான் பூவெடுக்கும். நம் ஊரில் ஆனி மாசத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாசத்துக் குட்டைப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி பத்து நிமிஷம்தான். நமக்கு அது உறைப்பதில்லை, கொடிக்கு உறைக்கிறது. அதனால்தான் நடுவில் ஒரு மாசம் தண்ணீர் விட மறந்தாலும், ஆடு புகுந்து மேய்ந்தாலும், பந்தல் அவரை தேறி எழுந்து தையில் காய்த்துவிடும். பூக்கும் நாள் வருவதற்குள் பழுதைச் சரிசெய்துகொள்ள அதற்கு நேரம் இருக்கிறது.

செடி அவரைக்கு அந்த நேரம் கிடையாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 13, கோ 14, பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் எல்லாம் பகல் நீளத்தைச் சட்டை செய்யாத குட்டை ரகங்கள். முளைத்து நாற்பது நாளை ஒட்டிப் பூத்தாக வேண்டும் என்பது அதன் கணக்கு. அந்த நாற்பது நாளில் எவ்வளவு உடம்பு போட்டதோ அவ்வளவுக்குத்தான் காய். முதல் மாசத்தில் ஒரு வாரம் முடங்கினால் அந்த ஒரு வாரம் போனதுதான். நீங்கள் மூன்று முறை முடக்கியிருக்கிறீர்கள்: குழித்தட்டிலிருந்து பிடுங்கி நட்டபோது ஒன்று, சின்னப் பையில் வேர் சுற்றிக்கொண்டபோது ஒன்று, நுனியைக் கிள்ளியபோது ஒன்று. போதாக்குறைக்கு வைகாசி வெயில். செடி பயந்துபோய், உயிர் இருக்கும்போதே ரெண்டு விதையாவது விட்டுப் போவோம் என்று பூத்துவிட்டது. தாங்க முடியாமல் அந்தப் பூவையும் உதிர்த்துவிட்டது.

இப்போது நிற்கும் செடிகளுக்கு உரம் போட்டுக் காசை விரயம் செய்யாதீர்கள். பிடுங்கி மண்ணோடு மடக்கிவிட்டு, ஆடி பிறந்ததும் புதிதாக விதையுங்கள். பூவெடுக்கும்போது ஆவணி பாதி ஆகியிருக்கும். சாயங்கால மழை இரண்டு விழுந்து காற்றும் கொஞ்சம் தணிந்திருக்கும். இன்னொரு நல்ல பருவம் தை. தையில் விதைத்தால் பங்குனி வெயில் முற்றுவதற்குள் பெரும்பகுதிக் காயைப் பறித்துவிடலாம். எல்லா மாசமும் போடலாம் என்று விதைப் பையில் அச்சடித்திருப்பார்கள். பகல் நீளத்தைப் பொறுத்தவரை அது சரி. வெயிலைப் பொறுத்தவரை சரியில்லை. பூக்கும் சமயத்தில் 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து கொளுத்தினால் மகரந்தம் கெட்டுப் பூ நிற்காது. சித்திரை, வைகாசியில் பூ வருகிற மாதிரி மட்டும் விதைக்காதீர்கள்.

நாற்றுவிட்டு நட வேண்டாம். கடைசிவரை இருக்கப்போகிற பையிலேயே நேராக விதையை ஊன்றுங்கள். 15 அங்குல அகலம், 15 அங்குல உயரப் பையில் இரண்டு செடி. 12 அங்குலப் பை என்றால் ஒன்றே ஒன்று. இடத்துக்கு மூன்று விதை ஊன்றி, பத்தாம் நாள் நல்லதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வரும். விதைக்கு முன், ஆறின வடிகஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். முடிச்சு முடிச்சாக வேரில் கட்டித் தழைச்சத்தைச் செடியே தேடிக்கொள்ளும். யூரியா வைக்கவே வைக்காதீர்கள். இலை கொழுக்கும், அசுவினிப் பூச்சி ஏறும், பூ குறையும்.

மண் கலவைக்கு நம் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கின தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு. நார்க் கழிவை வாங்கினபடியே போடக் கூடாது, உப்பு இருக்கும். ஒரு நாள் ஊறப்போட்டுப் பிழிந்து, இன்னொரு தண்ணீரிலும் அலசுங்கள். சரளை அதிகமான செம்மண்ணைச் சலித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் புதுவயல் இருக்கிறது, அங்கே அரிசி ஆலைகளில் எரித்த உமிக்கரி கிடைத்தால் பைக்கு இரண்டு கை சேருங்கள், மண் இறுகாது. வேப்பம்பிண்ணாக்கு பைக்கு நூறு கிராம்.

இனி வெயில். மாடியில் செடியைக் கொல்வது தலைக்கு மேல் அடிக்கும் வெயில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பக்கவாட்டு வெயிலும் அடித்தளச் சூடும்தான் கொல்கின்றன. மத்தியானம் மூன்று மணிக்குப் போய், கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டீர்களானால், அந்தப் பக்கத்து வேர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு உள்ள பையை வாங்குங்கள். கறுப்புப் பைதான் இருக்கிறதென்றால் பழைய சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி, காலையில் அதையும் நனைத்துவிடுங்கள். மண் தொட்டி கிடைத்தால் அதைவிட உத்தமம் இல்லை. சுவரே கசிந்து குளிர்ந்துகொள்ளும், ஆனால் தண்ணீர் அடிக்கடி கேட்கும். பரணில் கிடக்கும் பர்மாக் காலத்துப் பீங்கான் ஜாடியில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அடியில் துளை இல்லாத எதிலும் அவரை அழுகும். துளை போடப்போய் ஜாடியை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பையைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் மூன்று செங்கல்மேல் வையுங்கள். கீழே காற்று ஓடட்டும், தண்ணீரும் வடியட்டும். உங்கள் வீட்டில் பழைய காரைத் தளம்தானே? ஈரமான 15 அங்குலப் பை ஒன்று நாற்பது கிலோவுக்குக் குறையாது. நடுத் தளத்தில் வரிசையாக அடுக்காமல், கீழே சுவர் ஓடுகிற இடமாகப் பார்த்து ஓரத்தில் வையுங்கள். அடியில் ஈரம் தேங்காமல் மாதம் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். காரை ஊறி உத்தரத்தில் தண்ணீர் இறங்கினால் அவரைக்காய் விலைக்குக் கட்டுப்படியாகாது. என்னைக் கேட்டால், காலை வெயில் விழுந்து மத்தியானம் ஓட்டுக்கூரை நிழல் வருகிற பின்கட்டு மூலைதான் மாடியைவிட நல்லது. ஐந்தாறு மணி நேர நேர் வெயில் போதும். மாடிதான் வழி என்றால் மேற்கே மட்டும் நிழல்வலையைத் திரைபோலத் தொங்கவிடுங்கள். தலைக்கு மேல் முழுக்க மூடினால் செடி நெட்டையாகப் போகும்.

தண்ணீர் காலை ஆறு, ஆறரைக்கு. வெயில் கடுமையென்றால் ஐந்து மணிக்கு மேல் இன்னொரு முறை. மாடியில் கிடக்கும் ரப்பர் குழாயின் முதல் தண்ணீர் கொதிக்கும். அதைத் தள்ளிவிட்டுத் தொட்டுப் பார்த்து விடுங்கள். எத்தனை லிட்டர் என்று கணக்கு வைக்காதீர்கள், விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டால் தெரிந்துவிடும். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். மத்தியானம் இலை தொங்கினால் பயந்து ஊற்றக் கூடாது. சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெயிலுக்குச் சுருண்ட இலை. காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர்க் குறை, அல்லது வேர் அழுகல். உங்கள் போர்த் தண்ணீர் உப்பென்றால் பையின் மேல் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அப்போது பத்து நாளுக்கு ஒருமுறை அடியில் வழிந்து ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். வளவில் அண்டா வைத்துப் பிடிக்கிற மழைத்தண்ணீர் இருந்தால் அதுதான் செடிக்கு அமிர்தம். மண்டிக் குழம்பு வைத்தது போக மீந்த அரிசி கழுவின தண்ணீரையும் ஊற்றலாம், உப்பு போடாததாக இருக்க வேண்டும். மண் முகத்தில் இரண்டு அங்குலத்துக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்பிவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம்.

கிள்ளும் பழக்கம் பந்தல் அவரைக்கு உரியது. கொடி பந்தலைத் தொட்டதும் நுனி கிள்ளினால் பக்கக் கொடி பிரியும். செடி அவரையில் அந்த நுனியில்தான் பூங்கொத்தே வரப்போகிறது. அதைக் கிள்ளினீர்களானால் காயைத்தான் கிள்ளுகிறீர்கள்.

மொட்டு கண்ணில் படும்போது ஒரு தெளிப்பு: இருபது கிராம் டி.ஏ.பி. உரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் தெளிவை மட்டும் இறுத்து, சாயங்காலம் இலைமேல். பதினைந்து நாள் கழித்து இன்னொன்று. டி.ஏ.பி. பிடிக்காதவர்கள் லிட்டருக்கு முப்பது மில்லி பஞ்சகவ்யம் தெளிக்கலாம். பூச்சியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும் அசுவினி ஒன்று. எறும்பு வரிசையாக ஏறினால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று வெயில் காலத்துச் சிலந்திப்பேன். இலை மேலே ஊசியால் குத்தினதுபோல் வெளிர்ப் புள்ளி தெரியும். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில நடக்கத் தொடங்கினால் அதுதான். இலை அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்பில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். காயைத் துளைக்கும் புழு வந்தால் துளைபட்ட பூவையும் காயையும் கையாலேயே பொறுக்கிவிடுங்கள், பத்துப் பைக்கு மருந்து எதற்கு. அதையும் மீறி ஏதாவது புரியாமல் வந்தால், வாடின கிளையைச் செய்தித்தாளில் சுற்றி குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள், உங்களுக்குத் தூரமில்லை.

உள்ளே விதை புடைத்துத் தெரிவதற்கு முன் பறியுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை. முற்ற விட்டால் வேலை முடிந்தது என்று செடி நின்றுவிடும். நன்றாகக் காய்த்த ஒரே ஒரு செடியை மட்டும் கடைசிச் சுற்றில் பறிக்காமல் விட்டு, நெற்று காய்ந்து சலசலக்கும்போது எடுத்து வையுங்கள். அவரை பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருத்தரிக்கும், ரகம் அவ்வளவாகக் கலக்காது. தைக்கு அந்த விதையே போதும்.