மறுமொழி: பெட்டகத்தில் கிடைத்த பித்தளைப் பெட்டி

ஒட்டுசுட்டான் வீட்டுப் பெட்டகத்துக்குள்ள எட்டு மூலைப் பித்தளைப் பெட்டி, அடியில வரிவரியாத் துளை, இறுகிப்போன நெம்பு, பழைய பூட்டோ எண்டு கேட்டிருந்தீங்கள். பூட்டில்லை, வைத்தியத்துக்காகத் தோலைக் கீறி இரத்தம் வாங்கிற கீறுகருவி. 19ஆம் நூற்றாண்டில ஐரோப்பிய வைத்தியர் பாவிச்ச வகை. நெம்பை இழுத்தா எஃகு வில் இறுகும். பொத்தானை அமத்தினா 12 அல்லது 16 அலகு ஒரே கணத்தில அரைவட்டமாச் சுழண்டு தோலைக் கீறும். மேல இருக்கிற திருகாணி கீறல் ஆழத்தைக் கூட்டிக் குறைக்க. பிறகு சூடாக்கின கண்ணாடிக் குவளையைக் கீறின இடத்தில கவிழ்ப்பினம். உள்காத்துக் குளிர இரத்தம் இழுபடும்.

நெம்பை இழுத்துப் பாக்காதேங்கோ! துருப்பிடிச்ச வில் முறிஞ்சா திருத்தேலாது. வில் இறுகினபடியே நிண்டிருக்கவும் கூடும். துளைப்பக்கத்தைக் கையில படாமல் பிடியுங்கோ, தடிச்ச கையுறையோட.

புளி, தேசிக்காய் வேண்டவே வேண்டாம். அமிலம் உள்ளுக்க இறங்கி எஃகைத் தின்னும். மினுக்க மினுக்க, பெட்டியைச் செய்தவரின்ர முத்திரையும் தேயும், வயதைக் கணிக்க அதுதான் பெரிய தடயம். காஞ்ச மெல்லிய துணி, அலகுகளுக்குத் தையல்மெசின் எண்ணெய் ஒரு துளி, அவ்வளவும் போதும்.

தோல் உறை இருந்தா புறம்பா வையுங்கோ, தோலால பித்தளையில பச்சைக் களிம்பு ஏறும். மாரி துடங்க முன்னம் சிலிக்கா ஜெல் பையோட இறுக்கமான டப்பாவுக்குள்ள போட்டுவிடுங்கோ.