மணிலா வழியில் ஒரு யோசனை

கே.எஸ்., நாகர்கோவில்: படித்தவர்கள் வெளிநாடு போவதை நாட்டுக்கு நஷ்டம் என்று எத்தனை காலம்தான் புலம்புவது? பிலிப்பைன்ஸ் நர்ஸ்களை அனுப்பியே டாலரை அள்ளுகிறது. நம் அரசும் அதையே ஒரு தொழிலாக நடத்தினால் என்ன? (என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கிறாள்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் நிஜமான கேள்வி என்று தோன்றுகிறது. மகள் தாராளமாகப் போகட்டும். அதற்கு நாட்டின் பொருளாதாரத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

அரசே தொழிலாக நடத்துவது வேறு சங்கதி. டாலர் வருவது உண்மைதான். 2024-ல் வங்கி வழியாக மட்டும் பிலிப்பைன்ஸுக்கு வந்தது சுமார் 3,450 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏழு சதவீதத்துக்கு மேல். ஆனால் 'நர்ஸ்களை அனுப்பியே' என்று எழுதிவிட்டீர்கள். கப்பலில் வேலை பார்ப்பவர்கள், ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அனுப்பியதும் அதில்தான் இருக்கிறது.

புலம்புகிறவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் போனால் ஒரு இடம் காலி என்பது அவர்கள் கணக்கு. 2000-க்குப் பிறகு அமெரிக்கா நர்ஸ் விசாவைத் தாராளமாகக் கொடுத்தபோது நடந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸ் வெளியே போனதற்கு ஒன்பது பேர் புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள்! அமெரிக்கக் கனவில் பிள்ளைகள் நர்சிங்கில் குவிய, கல்லூரிகள் முளைத்தன. பெரும்பாலும் தனியார் கல்லூரிகள், குடும்பம் கட்டிய ஃபீஸ். அதனால் 'அரசுப் பணத்தில் படித்துவிட்டு ஓடுகிறார்கள்' என்ற வசனமும் அங்கே அவ்வளவாக எடுபடாது.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை என்பீர்கள். அந்த ஒன்பது பேரும் வார்டுக்கு வந்தார்களா என்று பாருங்கள். 2007 வாக்கில் அமெரிக்கா விசாவை இறுக்கியது. படித்து முடித்தவர்கள் மணிலாவில் கால் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். அனுபவச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கே பணம் கட்டி வேலை பார்த்தவர்களும் உண்டு. நர்ஸ்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சம்பளத்தோடு போஸ்ட் இல்லை.

அந்த மோகம் எதுவரை போனது என்றால், டாக்டர்களே மறுபடி கல்லூரிக்குப் போய் நர்சிங் படித்தார்கள். 2004-ல் டாக்டர்களுக்கான லைசென்ஸ் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் வந்த இளைஞர், அமெரிக்காவுக்கு நர்ஸாகப் போகிறேன் என்றார். ஊரே திட்டியது. அவரைத் திட்டிப் பயனில்லை. இரண்டு சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். 2006-ல் நர்ஸ் லைசென்ஸ் தேர்வின் கேள்விகள் கசிந்து, அந்த வருடத்துப் பிள்ளைகளை அமெரிக்காவில் தகுதிச் சான்று தருபவர்கள் மறு தேர்வு எழுதிவிட்டு வரச் சொன்னதும் இதே கதையின் இன்னொரு அத்தியாயம்.

நான் சொல்லவருவது இதைத்தான். அரசு நர்ஸ்களுக்கு இன்ன சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்று பிலிப்பைன்ஸில் 2002-லேயே சட்டம் போட்டார்கள். அது கைக்கு வந்தது 2020-ல், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு. நடுவில் பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருடமும் வெளிநாட்டில் இருப்பவர்களை 'நவீன நாயகர்கள்' என்று மேடைக்கு மேடை புகழ்ந்தார்கள். நாயகர் பட்டத்துக்குச் செலவில்லை பாருங்கள். மாதாமாதம் வெளியிலிருந்து பணம் வந்து வீடுகளைக் காப்பாற்றும்போது, சம்பளத்தை ஏற்ற எந்த அமைச்சருக்கு அவசரம் வரும்?

நம் ஊரிலும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்று அரசு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. இன்னொரு பக்கம், 2015-ல் தமிழக அரசு தேர்வு நடத்தி எடுத்த நர்ஸ்களுக்கு முதலில் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017-ல் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஏற்றுமதித் துறை திறப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை முடிக்கச் சொல்லுங்கள்.

கொரோனா வந்தபோது பிலிப்பைன்ஸ் அரசுக்குத் திடீரென்று நர்ஸ்களின் அருமை தெரிந்தது. 2020 ஏப்ரலில் வெளியே போகத் தடை போட்டது. பிறகு வருடத்துக்கு 5,000 பேர் என்று வரம்பு வைத்தது. 2021 பிப்ரவரியில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர், பிரிட்டனும் ஜெர்மனியும் தடுப்பூசி தந்தால் வரம்பைத் தளர்த்தத் தயார் என்று பேரம் பேசினார். அப்படி ஒரு உத்தேசம் எங்களுக்கு இல்லை என்று பிரிட்டன் கைவிரித்தது. நர்ஸ்கள் என்னவோ அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.