விழும் ஸ்பிரிங்கின் கீழ்முனை ஏன் அந்தரத்தில் நிற்கிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மாடிக் கம்பியருகே நின்று ஸ்பிரிங் பொம்மையை வளவுக்குள் தொங்கவிட்டுக் கையை எடுத்தாள். மேல்முனை வந்து சேரும்வரை கீழ்முனை அசையாமல் அந்தரத்தில் நின்றது. போனில் படமும் இருக்கிறது. எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும், இது தப்பு என்கிறார் ஆசிரியர். கண்காட்சிக்கு வைக்கலாமா? 'காந்த ஸ்பிரிங் செட்' என்று ஒருவர் 1,500 ரூபாய் கேட்கிறார், வாங்கலாமா?"

வாங்காதீர்கள். இதில் காந்தத்துக்கு வேலையே இல்லை. கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கடையில் விற்கும் சாதாரண ஸ்பிரிங்கே போதும். கண்காட்சி நெருங்கினாலே இப்படிச் 'செட்' விற்பவர்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். பெட்டியோடு எழுதித் தரும் விளக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் பரிசும் கிடைக்கிறது. தானே கண்டுபிடித்த பிள்ளைக்குச் சந்தேகம்தான் கிடைக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிங் தொங்கும்போது அடி வளையத்தைப் பூமி கீழே இழுக்கிறது. அதற்கு மேலுள்ள வளையம் அதே அளவு மேலே இழுக்கிறது. அதனால்தான் அது நிற்கிறது. நீங்கள் மேலே கையை விட்ட நொடியில் அடி வளையத்துக்கு என்ன மாறியது? ஒன்றுமில்லை. பக்கத்து வளையம் முன்போலவே நீண்டிருக்கிறது, முன்போலவே இழுக்கிறது. கைவிட்ட சேதி வளையம் வளையமாகத்தான் கீழே இறங்க வேண்டும். மேல்பகுதி சுருங்கிக்கொண்டே வந்து மோதும்போதுதான் அது அடிக்கு எட்டுகிறது. இதற்கு ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும்.

ஆசிரியர் சொல்லும் விதியும் உடையவில்லை. கையை விட்டதிலிருந்தே ஸ்பிரிங்கின் நிறை மையம், அதாவது அதன் மொத்த நிறைக்கும் சராசரியான இடம், கல் விழுவதைப் போலத்தான் விழுகிறது. அடி நிற்பதால், அந்தக் கணக்கை ஈடுகட்ட மேல்முனை கல்லைவிட வேகமாக வருகிறது. 'ஒரே வேகம்' என்று ஒரு மார்க் கேள்விக்கு எழுத வைக்கிறோமே தவிர, பொருளின் எந்த இடம் அப்படி விழுகிறது என்று கேட்க விடுவதில்லை. ஆசிரியருக்கு ஆதாரம் வேண்டுமென்றால், சிட்னி பல்கலைக்கழகத்தின் ராட் கிராஸ், மைக் வீட்லண்ட் இருவரும் இதை அதிவேகப் படம் எடுத்து, 2012-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படத்தை உற்றுப் பார்த்தால், மேல்பகுதி வந்து சேர்வதற்கு முன்பே அடி வளையம் கொஞ்சம் திரும்புவது தெரியலாம். "அசையாது என்றாயே, அசைகிறதே" என்று நடுவர் மடக்குவார். பயப்பட வேண்டாம். ஸ்பிரிங் நீளும்போது லேசாக முறுக்கமும் மாறுகிறது. கையை விட்டதும் அந்த முறுக்கமும் ஒரு அலையாகக் கீழே ஓடுகிறது, சுருக்கத்தைவிட வேகமாக. அது வளையத்தைத் திருப்பும், கீழே இறக்காது. திரும்புவது வேறு, விழுவது வேறு. இதை அவள் தன் வாயால் சொல்லிப் பழகட்டும்.

அப்புறம், ஸ்பிரிங் ஆடி அடங்கிய பிறகே கையை விடச் சொல்லுங்கள். பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, போனை ஸ்லோமோஷனில் வையுங்கள். விநாடிக்கு 240 படம் எடுத்தால், அந்த 0.3 விநாடிக்கு 70 படம் தேறும். அதில் ஐந்தாறை அச்சிட்டு வரிசையாக ஒட்டிவிட்டு, பழைய ஸ்பிரிங்கையே மேசையில் வையுங்கள்.