பேஸ்ட் எரிந்தால்தான் பல் சுத்தமாகுமா?

கேள்வி: பட்டை மணமுள்ள பற்பசைக்கு மாறியதிலிருந்து உதட்டோரம் சிவந்து, வெடித்து எரிகிறது. வைட்டமின் மாத்திரை சாப்பிட்டும் ஆறவில்லை. "சுள்ளுனு இருந்தாதான் கிருமி சாகும்" என்கிறார் கணவர். தொடரலாமா டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா, இன்றே நிறுத்திவிடுங்கள். பல்லில் படியும் அழுக்கை எடுப்பது பிரஷ்ஷின் இழைகள். சொத்தை வராமல் காப்பது ஃப்ளோரைடு. மணமும் சுவையும் நாம் முகம் சுளிக்காமல் பல் தேய்ப்பதற்காகச் சேர்ப்பவை. புதினா பேஸ்ட்டின் 'ஜில்'லும் அப்படித்தான். அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். வாய் உண்மையில் குளிர்வதில்லை.

பட்டைக்கு அந்தக் காரமும் மணமும் தருவது சின்னமால்டிஹைடு. சிலருக்கு இது ஒவ்வாமையைக் கிளப்பும். உதடு வெடிக்கும், வாயைச் சுற்றித் தடிக்கும், ஈறு சிவக்கும், நாக்கு எரியும். ட்யூபில் 'சின்னமால்' என்று இருக்கிறதா பாருங்கள், இதற்கே அது இன்னொரு பெயர். பெரும்பாலும் வெறும் 'ஃப்ளேவர்' என்று மட்டுமே போட்டிருப்பார்கள். எது உறுத்துகிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போகிறதே என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

பேஸ்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. இதே தொல்லையோடு என்னிடம் வந்த ஒரு பெண் மிதமான மணமுள்ள பேஸ்ட்டுக்கு மாறியும் உதடு ஆறவே இல்லை. கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே பட்டை சுவையில் சூயிங்கம்! அதையும் விட்ட பிறகுதான் புண் ஆறியது. மவுத்வாஷ், லிப் பாம் இரண்டையும் பாருங்கள். லிப் பாம் இனித்தால் உதட்டை நக்கிக்கொண்டே இருப்போம். அதனாலேயே வறட்சி கூடும். சில நாளைக்குப் பிரியாணிப் பட்டையையும் ஒதுக்கிவையுங்கள்.

மணம் குறைந்த, ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டாக வாங்குங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் 'பேட்ச் டெஸ்ட்' செய்துகொள்ளுங்கள். எது ஒவ்வாமை தருகிறது என்று அறிய, சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறு ஒட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பூஞ்சைத் தொற்று, இரும்புச்சத்துக் குறைவு, சரியாகப் பொருந்தாத பல்செட் இவற்றாலும் உதட்டோரம் வெடிக்கலாம். அதனால் மாத்திரையை நீங்களாகவே நீட்டிக்காமல் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.