ஜெர்ரி லீ லூயிஸின் ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’: ஏன் அந்தப் பெயர்? கேட்கலாமா?

ஜெர்ரி லீ அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர், பியானோ கலைஞர்; ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’ (கடைசியாக நிற்பவன்) அவருடைய ஆல்பம். பெயருக்குக் காரணம் 1956 டிசம்பர் 4. அன்று மெம்பிஸில் சன் ரெக்கார்ட்ஸ் ஸ்டுடியோவில் பாடகர்கள் எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்கின்ஸ், ஜானி கேஷ், ஜெர்ரி லீ நாலு பேரும் தற்செயலாகக் கூடிப் பாடினார்கள். எல்விஸ் 1977இல் இறந்தார், பெர்கின்ஸ் 1998, கேஷ் 2003. மிச்சம் இருந்தவர் ஜெர்ரி லீதான், அதைப் பெயரிலேயே கொஞ்சம் திமிராகச் சொல்லிக்கொண்டார். ஆல்பம் வந்தது 2006 செப்டம்பர் 26, மூன்று நாள் கழித்து அவருக்கு 71 வயது.

மொத்தம் 21 பாட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு விருந்தாளி. சரி, வயசானவரைத் தூக்கி நிறுத்தப் பிரபலங்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் முதல் பாட்டிலேயே கதை வேறு: லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ராக் அண்ட் ரோல்’, கிதார் வாசிப்பது அந்தக் குழுவின் ஜிம்மி பேஜேதான், இருந்தும் காது போவது பியானோ பக்கம்தான். இடது கை விடாமல் தாளத்தை உருட்டிக்கொண்டே இருக்க, வலது கை கட்டைகள் மேல் சரட்டென்று இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுப் பாடகர் மிக் ஜாகருடன் ‘ஈவ்னிங் கவுன்’. ஜாகர் தன் தனி ஆல்பத்துக்கு எழுதிய பாட்டு அது, ஜெர்ரி லீ பாடும்போது ஏதோ இவருடைய பழைய கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற பாணி) பாட்டு போலவே ஆகிவிடுகிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். எல்லா ஜோடியும் ஒட்டவில்லை, 21 கொஞ்சம் அதிகம்தான். இந்த இரண்டை முதலில் கேளுங்கள்.